டிபன் பாக்ஸோடு நின்ற பாடகர்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)



செயலாளர் எனக்குப் போன் செய்து, "தொழில் வாழ்க்கை பற்றி மாணவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார். நான், "ஒரு பாடகரைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அவர் என்ஜினீயரா?" என்றார். "இல்லை சார், மெக்கானிக்" என்றேன். "அப்படின்னா சரி" என்று சொல்லிவிட்டார். அவருக்கு என் முதல் நன்றி.

அந்தப் பாடகரின் பெயர் பில் விதர்ஸ். அமெரிக்கர். பெயர் கேள்விப்படாதவர்கள்கூட அவர் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். மைக்கேல் ஜாக்சன் சின்னப் பையனாக இருந்தபோது, 1972இல் வந்த தன்னுடைய முதல் தனி ஆல்பத்தில், விதர்ஸின் 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாட்டைப் பாடியிருக்கிறார். 1999இல் வந்த 'நாட்டிங் ஹில்' படத்தில், ஹ்யூ கிராண்ட் ஒரு சந்தைத் தெருவில் நடந்துகொண்டே இருக்க, அவரைச் சுற்றிக் கோடை, மழை, பனி என்று ஒரு வருடமே ஓடுமே, அந்தக் காட்சிக்குப் பின்னால் ஓடுவதும் அதே பாட்டுதான்.

அமெரிக்காவில் 'சோல்' என்று ஒரு இசைவகை உண்டு. கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும், ப்ளூஸ் என்கிற சோகப் பாட்டும் கலந்து பிறந்தது. ரே சார்ல்ஸ், அரேதா ஃப்ராங்க்ளின் என்று பெரிய பெரிய குரல்கள் அதில் உண்டு. மேடை அதிரப் பாடுகிறவர்கள். விதர்ஸும் அந்த வகையில் வந்தவர்தான். ஆனால் அவர் பாடினால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நம்மிடம் பேசுகிற மாதிரி இருக்கும். பாட்டை எழுதுவதும் அவரே, மெட்டுப் போடுவதும் அவரே, பாடுவதும் அவரே.

சரி, இதை எதற்கு இந்த மேடையில் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். இப்போதெல்லாம் கல்லூரி விழாக்களில் பேச வருகிறவர்கள் ஒரு கதையைத் தவறாமல் சொல்கிறார்கள். "வேலையைத் தூக்கி எறிந்தேன், கனவைத் துரத்தினேன், ஜெயித்தேன்" என்கிற கதை. கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. விதர்ஸின் கதையையும் பல பேர் அந்த அச்சிலேயே வார்த்து விடுகிறார்கள்: தொழிற்சாலைத் தொழிலாளி, ஒரு நாள் கித்தாரைத் தூக்கினார், நட்சத்திரம் ஆனார் என்று. நடந்தது அது இல்லை. நடந்தது எனக்கு இதைவிட ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆகவேதான் இந்தத் தலைப்பு.

அவர் 1938ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி, மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்லாப் ஃபோர்க் என்கிற சிற்றூரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர். ரயில் பாதைக்கு ஒரு பக்கம் வெள்ளையர்கள், மறுபக்கம் கறுப்பர்கள். அப்பா சுரங்கத் தொழிலாளி. ஆறு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. மூன்று வயதிருக்கும்போது பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். பக்கத்தில் பெக்லி என்கிற ஊரில் அம்மா வழி உறவினரிடம் வளர்ந்தார். 13 வயதில் அப்பாவும் இறந்து போனார். பாட்டிதான் துணை.

இந்தப் பாட்டியைப் பற்றிப் பின்னால் அவர் ஒரு பாட்டு எழுதினார். 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' என்று பெயர், பாட்டியின் கைகள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தாளம் போட்ட கைகள், விழும்போதெல்லாம் தூக்கிவிட்ட கைகள், அடி விழாமல் காத்த கைகள். இரண்டு நிமிடப் பாட்டு. அதில் பாட்டியின் முகம் எப்படியிருக்கும் என்று ஒரு வார்த்தை கிடையாது. கைகள் மட்டும்தான். நம்மில் எத்தனை பேருக்குப் பாட்டியின் முகத்தைவிட, மருதாணியும் விபூதியும் கலந்த அந்தக் கையின் வாசனை முதலில் ஞாபகத்துக்கு வருகிறது? எனக்கு அப்படித்தான்.

பையனுக்குப் பேச்சு திக்கும். சும்மா கொஞ்சநஞ்சம் இல்லை. இருபத்தெட்டு வயது வரை அது அவரை விடவில்லை. மற்ற பையன்கள் விளையாடுகிற இடத்தில் இவர் ஒதுங்கியே நின்றார். ஊரில் இருந்தால் சுரங்கத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் பள்ளி வயது முடிகிற சமயத்தில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் கடற்படையில் கறுப்பின இளைஞன் என்றால் சமையல்கட்டுக்கோ, அதிகாரிகளுக்குப் பரிமாறுகிற வேலைக்கோ அனுப்புவதுதான் நீண்ட நாள் வழக்கம். சட்டப்படி 1948லேயே ராணுவத்தில் இனப் பாகுபாடு நீக்கப்பட்டு விட்டது. சட்டம் மாறியது, பழக்கம் மாறவில்லை. விதர்ஸின் முதல் லட்சியமே, 'சமையல்காரனாகவோ, பரிமாறுகிறவனாகவோ ஆகக் கூடாது' என்பதுதான். விமான மெக்கானிக் படிப்புக்குப் போனார். இவனுக்கெல்லாம் இயந்திரம் புரியுமா என்று நினைத்தவர்கள் நடுவில் படித்துத் தேறினார். ஒன்பது வருடம் கடற்படையில் இருந்துவிட்டு 1965இல் வெளியே வந்தார்.

திக்குவாயும் இந்தக் காலத்தையொட்டித்தான் அவரை விட்டு விலகியது. எப்படி? அவரே பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். கேட்கிறவர் தன்னைப் பற்றி என்ன நினைப்பாரோ என்கிற பயம்தான் தன்னைத் திக்க வைக்கிறது என்று கண்டுபிடித்தாராம். எதிரில் இருப்பவர்களை ரொம்ப உயரத்திலும் தன்னை ரொம்பக் கீழேயும் வைத்துக்கொண்டிருந்ததைப் புரிந்துகொண்டாராம். நம்ம பாஷையில் சொன்னால், பழுது வாயில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது என்று கண்டறிந்த ஒரு மெக்கானிக்கின் வேலை அது. எல்லாருடைய திக்குவாய்க்கும் இதுதான் காரணம், இதுதான் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு முறையான பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போவதுதான் சரி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் அலுவலக வேலையில் ஒரு பகுதி, கல்லூரிகளுக்குப் போய் ஆள் எடுப்பது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறேன். பதில் தெரிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் பதில் சொல்லாமல் எழுந்து போவதைப் பார்க்கிறேன். கண்ணைப் பார்த்தாலே தெரியும், பதில் உள்ளே இருக்கிறது. எங்கள் மூன்று பேர் முகத்தைப் பார்த்து அது உள்ளேயே நின்றுவிடுகிறது. தம்பிகளே, தங்கைகளே, மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் ஒன்றும் அவ்வளவு பெரிய ஆட்கள் இல்லை. பாதிப் பேர் மத்தியானம் என்ன சாப்பாடு என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். (சிரிப்பு)

கடற்படையை விட்டு வந்த பிறகு கலிஃபோர்னியாவில் பால் விநியோகம் உட்பட பல வேலைகள் பார்த்தார். பாட்டு எப்போது வந்தது? அது ஒரு கணக்கில் வந்தது. ஓக்லாந்து நகரில் ஒரு இசை விடுதிக்குப் போயிருக்கிறார். அன்று பாட வேண்டியவர் லூ ரால்ஸ் என்கிற பிரபலப் பாடகர். அவர் நேரத்துக்கு வரவில்லை. விடுதி மேலாளர் இங்கும் அங்கும் நடந்து புலம்புகிறார்: வாரத்துக்கு 2,000 டாலர் கொடுக்கிறேன், மனிதன் நேரத்துக்கு வரமாட்டேன் என்கிறாரே என்று. விதர்ஸுக்கு அப்போது மணிக்கு 3 டாலர் சம்பளம். வாரம் 40 மணி நேரம் என்று வைத்தால் 120 டாலர். பதினாறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! நேராக ஒரு அடகுக் கடைக்குப் போய் மலிவாக ஒரு கித்தார் வாங்கினார். தானே வாசிக்கக் கற்றுக்கொண்டார். இசைத் தேவதை கனவில் வந்து அழைத்ததாக அவர் எங்கேயும் சொல்லவில்லை. சம்பளக் கணக்கைத்தான் சொன்னார். இந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

1967இல் லாஸ் ஏஞ்சலஸ் வந்தார். வெபர் ஏர்க்ராஃப்ட் என்கிற தொழிற்சாலையில் வேலை. என்ன வேலை தெரியுமா? அப்போது போயிங் 747 புதிதாக வந்துகொண்டிருந்தது. அந்த ஜம்போ விமானங்களுக்கான கழிப்பறைகளைச் செய்து கொடுப்பது! கூச்சப்படாமல் கடைசிவரை இதைச் சொல்லி வந்தார். பகலில் அந்த வேலை. மிச்சம் பிடித்த பணத்தில் மாதிரிப் பாட்டுகளைப் பதிவு செய்து கம்பெனி கம்பெனியாகக் காட்டினார். கடைசியில் கிளாரன்ஸ் அவான்ட் என்பவர் காது கொடுத்தார். சஸ்ஸெக்ஸ் ரெக்கார்ட்ஸ் என்கிற சின்னக் கம்பெனியின் தலைவர். 1970இல் ஒப்பந்தம் ஆனது.

முதல் ஆல்பத்தைத் தயாரிக்க புக்கர் டி. ஜோன்ஸ் வந்தார். மெம்ஃபிஸ் நகரத்து சோல் இசையில் அவர் ஒரு பெரிய கை. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு விதர்ஸ் தொழிற்சாலையிலிருந்து நேராக, வேலைக்குப் போடும் பூட்ஸோடு, ஒரு ஓட்டைக் காரில், நோட்டுப் புத்தகம் நிறையப் பாட்டுகளோடு வந்து இறங்கியதை ஜோன்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். எல்லாம் தயாரான பிறகு விதர்ஸ் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் பாட்டுகளையெல்லாம் யார் பாடப் போகிறார்கள் என்று கேட்டாராம். நீதானப்பா என்றாராம் ஜோன்ஸ். யாரோ பாடகர் வருவார், நாம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மனிதர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்!

கையில் காசு தீர்ந்து போனதால் இரண்டாவது அமர்வுக்கும் கடைசி அமர்வுக்கும் நடுவில் ஆறு மாதம் இடைவெளி. அந்த ஆறு மாதமும் வேறு எங்கே போவார்? கழிப்பறைத் தொழிற்சாலைக்குத்தான்.

இப்போது அந்த ஒரு பாட்டுக்கு வருகிறேன். ஜாக் லெமன் நடித்து 1962இல் வந்த ஒரு படம், 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோஸஸ்'. குடியில் விழுந்து கெடுகிற ஒரு கணவன் மனைவி கதை. அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது இந்தப் பாட்டின் கரு தோன்றியதாம். நமக்குக் கெடுதல் என்று தெரிந்த ஒன்று விலகிப் போன பிறகும், மனசு அதைத்தானே தேடுகிறது? எழுதிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு இடத்தில் சொற்கள் கிடைக்கவில்லை. பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று இரண்டே சின்னச் சொற்களைத் திரும்பத் திரும்பப் பாடி வைத்தார். 26 முறை! கூடத்தில் இருந்த அனுபவசாலிகள் அதைக் கேட்டுவிட்டு, "அப்படியே இருக்கட்டும், கை வைக்காதே" என்றார்கள். தான் அப்போது வெறும் தொழிற்சாலைத் தொழிலாளி, எதிரில் இருந்தவர்கள் எல்லாம் பெரிய பேர், அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன் என்று விதர்ஸ் சொல்லியிருக்கிறார்.

நான் இந்த இடத்தைப் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். டிராயிங் போர்டில் ஒரு இடம் காலியாக இருந்தால் நமக்குக் கை சும்மா இருக்காது. ஒரு போல்ட்டாவது போட்டுவிடுவோம். அங்கே ஒன்றும் வேண்டாம் என்று சொல்லக்கூடியவன் அனுபவம் உள்ளவன். சொன்னால் கேட்டுக்கொள்கிறவன் இன்னும் அபூர்வம். அந்தப் பாட்டின் மொத்த நீளமே இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். அதில் சொல்ல முடியாத வேதனை முழுவதும் அந்த 26 தடவைக்குள்ளேதான் இருக்கிறது. அவர் நினைத்தபடி நல்ல நல்ல வரிகளைப் போட்டு நிரப்பியிருந்தால், ஆயிரம் காதல் சோகப் பாட்டுகளில் இது ஆயிரத்தொன்றாவது.

1971 மே மாதம் 'ஜஸ்ட் அஸ் ஐ ஆம்' என்ற பெயரில் ஆல்பம் வந்தது. அதன் அட்டைப் படத்தை நீங்கள் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். தொழிற்சாலைச் செங்கல் சுவர். சாப்பாட்டு இடைவேளை. விதர்ஸ் சாதாரணச் சட்டையில், கையில் டிபன் பாக்ஸோடு நிற்கிறார். வெபர் தொழிற்சாலையிலேயே எடுத்த படம். அவர் வைத்த வேஷம் இல்லை அது. அன்று அவர் நிஜமாகவே சாப்பிட வெளியே வந்தவர்தான். படம் எடுத்து முடித்ததும் உள்ளே போய் ஷிஃப்டை முடித்திருப்பார்.

'எய்ன்ட் நோ சன்ஷைன்' இசைத்தட்டின் பி பக்கத்தில் இருந்தது. ஏ பக்கத்தில் 'ஹார்லெம்' என்ற பாட்டு. வானொலி நிலையத்தார் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். நாடே கேட்டது. தங்கத் தட்டு விருது அளவுக்கு விற்ற பிறகு, கம்பெனி அவருக்குத் தங்க நிறத்தில் ஒரு கழிப்பறையையே பரிசாகக் கொடுத்ததாம்! அந்த வருடத்துப் பாட்டுகளுக்காக 1972இல் கொடுத்த கிராமி விருதும் வந்தது.

வேலையை எப்போது விட்டார் என்று கேட்பீர்கள். அவர் விடவில்லை. ஆல்பம் வெளிவருவதற்குச் சில மாதம் முன்னால் தொழிற்சாலைதான் அவரை லே-ஆஃப் செய்தது. பாட்டுத் தொழில் நிலையில்லாதது, இன்று இருக்கும் நாளை போகும் என்று அவர் வேலையைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு ஒரே நாளில் தபாலில் இரண்டு கடிதம் வந்ததாக அவர் சொல்வார். ஒன்று, மறுபடி வேலைக்கு வா என்று தொழிற்சாலையிலிருந்து. இன்னொன்று, அமெரிக்காவே பார்க்கிற ஜானி கார்சன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வா என்று. அப்போது அவருக்கு வயது 33. நம் கல்லூரியில் நாலாவது வருடம் முடிவதற்குள் கையில் ஆர்டர் இல்லை என்றால் வாழ்க்கையே போய்விட்டது என்று விடுதி அறையில் படுத்துக்கிடக்கிற தம்பிகள் இங்கே இருந்தால், அந்த 33ஐக் குறித்துக்கொள்ளலாம். அடகுக் கடைக் கித்தார் கைக்கு வருவதற்கு முன்னால் அவர் கழித்த வருடங்களில் யாரும் அவரைக் கலைஞன் என்று சொல்லியிருக்க முடியாது.

அடுத்த வருடம் 'ஸ்டில் பில்' ஆல்பம். அதில்தான் 'லீன் ஆன் மீ'. 1972 ஜூலையில் அமெரிக்காவில் முதலிடம். அதன் கதையும் சின்னதுதான். கையில் கொஞ்சம் காசு வந்ததும் ஒரு சின்ன மின்சாரப் பியானோ வாங்கினார். முறையாக வாசிக்கத் தெரியாது. விரலை வெள்ளைக் கட்டைகளில் வரிசையாக மேலே, கீழே ஓட்டிப் பார்த்தார். அதுவே மெட்டு! நம் வீட்டு ஆர்மோனியத்தில் ச ரி க ம என்று ஏறி ம க ரி ச என்று இறங்கினால் அந்தப் பாட்டின் தொடக்கம் வந்துவிடும். சங்கராபரண ஸ்வரங்கள். சரளி வரிசை கற்றுக்கொண்ட எந்தக் குழந்தையும் வாசித்துவிடலாம். அதற்கு மேல் அவர் வைத்தது ஸ்லாப் ஃபோர்க், பெக்லி ஊர்களின் வாழ்க்கை. ஒரு வீட்டில் கஷ்டம் என்றால் அடுத்த வீட்டார் கேட்காமலே வந்து நிற்கிற பழக்கம். பெரிய நகரத்துக்கு வந்த பிறகுதான் அது எவ்வளவு அபூர்வம் என்று அவருக்குத் தெரிந்தது. கறுப்பு வெள்ளை என்று ரயில் பாதை போட்டுப் பிரித்த ஊரிலிருந்து இப்படி ஒரு பாட்டு வந்ததை நினைத்துப் பாருங்கள்.

அதே 1972 அக்டோபர் 6ஆம் தேதி நியூயார்க் கார்னகி ஹாலில் கச்சேரி. அதை அப்படியே பதிவு செய்து 1973இல் வெளியிட்டார்கள். ஒன்றே ஒன்று வாங்கிக் கேட்பதானால் அதைக் கேளுங்கள் என்பேன். ஜேம்ஸ் காட்ஸன் டிரம்ஸ் வாசித்திருக்கிறார். அவர் அடிப்பதைவிட அடிக்காமல் விடுகிற இடங்கள் அழகு. விதர்ஸ் பாட்டுகளுக்கு நடுவே பேசுகிறார். திக்கிக்கொண்டிருந்த பையன், அமெரிக்காவின் மிகப் பெரிய சங்கீத சபையில், திண்ணையில் உட்கார்ந்த மாதிரி பாட்டியைப் பற்றிக் கதை சொல்கிறார், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அதே இரவில், வியட்நாம் போரில் வலது கையை இழந்து திரும்பிய ஒரு சின்னப் பையனைப் பற்றியும் ஒரு பாட்டு. அம்மாவுக்குக் கடிதம் எழுத வேண்டும், இடது கையால் எழுத வராது, யாராவது எழுதித் தாருங்கள் என்று அந்தப் பையன் கேட்கிறான். போரைத் திட்டி ஒரு கோஷமும் இல்லை. ஒன்பது வருடம் சீருடை போட்டவர் எழுதிய பாட்டு அது.

இதற்குப் பிறகு கசப்பு. சஸ்ஸெக்ஸ் கம்பெனியோடு பணத் தகராறு. வர வேண்டிய பணம் வரவில்லை என்கிற கோபத்தில், தயாராக இருந்த ஒரு முழு ஆல்பத்தையே அழித்துவிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். எனக்கு இது ஜீரணமாகவில்லை. செய்து முடித்த பொருளை உடைப்பது எந்தப் பட்டறைக்காரனுக்கும் மனசு வராத காரியம். எவ்வளவு கோபம் இருந்திருக்க வேண்டும்!

அந்தக் கம்பெனி மூடப்பட்டது. 1975இல் கொலம்பியா என்கிற பெரிய நிறுவனத்துக்குப் போனார். 1977இல் 'லவ்லி டே' என்ற பாட்டு. அதன் கடைசியில் ஒரே ஸ்வரத்தை 18 விநாடி பிடித்து நிற்கிறார். விடுதியில் நாங்கள் கடிகாரம் வைத்துக்கொண்டு முயற்சி செய்திருக்கிறோம். பாதியைத் தாண்டியவர் யாரும் இல்லை. (சிரிப்பு) ஆனால் உள்ளே நிலைமை சரியில்லை. பெரிய நிறுவனங்களில் பாடகர்களுக்கு யோசனை சொல்லவென்றே அதிகாரிகள் உண்டு. ஊதுகருவி சேர், அதை மாற்று, இதை மாற்று என்பார்கள். எல்விஸ் பிரெஸ்லியின் ஒரு பாட்டை மறுபடி பாடச் சொன்னார்களாம். சொந்தப் பாட்டெழுதி நாட்டில் முதலிடம் வந்த மனிதரிடம்! அவர் மறுத்தார். 1978க்குப் பிறகு ஏழு வருடம் அவர் பெயரில் ஒரு ஆல்பமும் வரவில்லை.

அந்த ஏழு வருடத்தின் நடுவில்தான் வேடிக்கை. க்ரோவர் வாஷிங்டன் ஜூனியர் என்கிற சாக்ஸபோன் கலைஞர், வேறொரு நிறுவனத்தில் செய்த ஆல்பத்தில் இவரைப் பாடக் கூப்பிட்டார். 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்'. 1981இல் அமெரிக்காவில் இரண்டாம் இடம், மறுவருடம் இரண்டாவது கிராமி. சொந்த நிறுவனத்தில் சும்மா உட்கார வைக்கப்பட்டவர், விருந்தாளியாகப் போன இடத்தில் அடித்த சிக்ஸர் அது.

1985இல் ஒரு ஆல்பம் வந்தது. அதோடு எழுந்து போய்விட்டார். வயது 47. விழா இல்லை, அறிவிப்பு இல்லை. முதல் ஆல்பத்திலிருந்து கடைசி ஆல்பம் வரை 14 வருடம், கூடத்தில் பதிவு செய்தவை எட்டு, கச்சேரிப் பதிவு ஒன்று. அவ்வளவுதான் மொத்தக் கணக்கு.

ரசிகர்கள் பலருக்கு இதில் வருத்தம். திரும்ப வாருங்கள் என்று முப்பது வருடத்துக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கும் இன்னும் நாலு ஆல்பம் இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவர் பக்கம் நின்று பார்க்கிறேன். முப்பது வயதுக்கு மேல் இந்தத் தொழிலுக்குள் வந்தவர். அதற்கு முன்பே கையில் ஒரு தொழில் இருந்தது, தனக்கென்று ஒரு வாழ்க்கை இருந்தது. பாட்டு இல்லாமலும் தன்னால் ஒரு மனிதனாக இருக்க முடியும் என்று தெரிந்தவர். அதனால்தான், 'நீங்கள் சொல்கிறபடி செய்ய மாட்டேன்' என்று அவரால் சொல்ல முடிந்தது. பதினெட்டு வயதில் நட்சத்திரமான ஒருவருக்கு அந்த வார்த்தை வாயில் வருவது கஷ்டம். அவர் டிபன் பாக்ஸ் அவருக்குக் கொடுத்த பெரிய சொத்து இதுதான் என்று நினைக்கிறேன். மனைவி மார்ஷா பாட்டுகளின் உரிமைகளைக் கவனித்துக்கொண்டார். பாட்டுகள் உழைத்தன, அவர் வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்.

பாட்டுகள் எப்படி உழைத்தன பாருங்கள். 1987இல் க்ளப் நூவோ என்கிற குழு 'லீன் ஆன் மீ'யைப் புதிய தாளத்தில் பாடி மறுபடியும் முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. 1988இல் எழுதியவர் என்ற முறையில் விதர்ஸுக்கு மூன்றாவது கிராமி, அவர் தொழிலை விட்டுப் போன பிறகு! 1996இல் ப்ளாக்ஸ்ட்ரீட் குழுவின் 'நோ டிகிட்டி' பாட்டு வந்தது. அதன் அடியில் ஓடுவது பாட்டியின் கைகளுக்காக அவர் போட்ட மெட்டு.

2009இல் 'ஸ்டில் பில்' என்ற பெயரிலேயே அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது. அதில் அவர் ஸ்லாப் ஃபோர்க்குக்குத் திரும்பிப் போகிறார். இன்னொரு காட்சியில், திக்கிப் பேசும் பிள்ளைகள் சிலரைச் சந்திக்கிறார். அந்தப் பிள்ளைகள் முன்னால் எழுபது வயதுப் பெரியவர் கண் கலங்கி நிற்கிறார். மூன்று கிராமி வாங்கியபோது அழுதாரோ என்னவோ, இங்கே அழுகிறார்.

2015இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். அறிமுகம் செய்து வைத்தவர் ஸ்டீவி வொண்டர். 2020 மார்ச் 30ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸில், இதய நோயால் காலமானார். வயது 81. அந்த வாரங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொரோனாவால் உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம். அவர் இறந்த செய்தி வருவதற்கு முன்பே, பல ஊர்களில் மக்கள் ஜன்னலில் நின்று, மருத்துவர்களுக்காகவும் செவிலியர்களுக்காகவும், 'லீன் ஆன் மீ' பாடிக்கொண்டிருந்தார்கள்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாடு தயாராக இருக்கிறது என்பதும் தெரியும், வாசனை இங்கே வரை வருகிறது. ஒலிபெருக்கித் தம்பியிடம் ஒரு பாட்டைக் கொடுத்து வைத்திருக்கிறேன். ஜன்னல் பாட்டு இல்லை, பி பக்கத்துப் பாட்டு. இரண்டே நிமிடம்தான், யாரும் எழுந்து போய்விட வேண்டாம். முன் வரிசைத் தம்பிகள் வேண்டுமானால் 26 வருகிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

(இதையடுத்து 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாடல் அரங்கில் ஒலிக்கவிடப்பட்டது.)